சிங்குக்கு முன்னால் மூன்றரை அங்குலம்

கான்கிரீட் மேடை உடைவதென்றால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் உடையும்: சிங்குக்காக விட்ட துவாரத்துக்கும் மேடையின் முன்விளிம்புக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பட்டையில். நான் வார்த்த முதல் மேடையும் அங்கேதான் உடைந்தது. அது சமையலறைக்குள் போகவே இல்லை. தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் என்று கட்டிலைத் தூக்குவதுபோல் கொல்லையிலிருந்து தூக்கினோம். நாலாவது அடியில் 'டக்'கென்று ஒரு சத்தம். துவாரம் இருந்த இடத்தில் மேடை கீல் வைத்ததுபோல மடங்கிவிட்டது. கைகொடுக்க வந்திருந்த கொத்தனார் உடைந்த வாயைக் குனிந்து பார்த்தார். "ஏன் சார், முக்கியமான எடத்துல கம்பியே காணோமே?" என்றார். இரண்டு அங்குலப் பட்டைக்குக் கம்பி எதற்கு என்று நான்தான் விட்டிருந்தேன்.

இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகிற வேலைகளில் பாதி அந்தப் பட்டையைக் காப்பாற்றுவதற்காகத்தான். இனி அதை முன்பட்டை என்றே சொல்கிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. காசு மிச்சமாகும் என்று இதில் இறங்காதீர்கள். பலகை, சிலிக்கான், பாலிஷ் பேட், சீலர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பெரிய மிச்சம் ஒன்றும் இருக்காது. உழைப்புக்குக் கணக்கே இல்லை. கிரானைட்டில் கிடைக்காத வேறு சில சமாச்சாரங்களுக்காகத்தான் இது: இணைப்பு இல்லாத ஒரே துண்டு, கோணல் சுவருக்குப் பொருந்தும் வடிவம், வேண்டிய நிறம். நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய வீடுகளில் மொசைக் மேடை பார்த்திருப்பீர்கள். அது இதற்கு அண்ணன் முறை. சிமெண்டில் கல் சில்லைக் கலந்து போட்டு, இறுகியபின் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். அமெரிக்காவில் ஃபூ-துங் செங் என்ற வடிவமைப்பாளர் 2002இல் கான்கிரீட் மேடைக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். வீட்டுப் பட்டறைக்காரர்கள் பலர் அதைப் பார்த்துக் கற்றார்கள். ஆனால் அந்த ஊர்ச் சமையலறைகளில் தினமும் புளி கரைப்பதில்லை. நம் வீட்டில் கரைக்கிறோம். இந்த வித்தியாசம் கடைசியில், சீலர் பூசும் நாளில் வந்து நிற்கும்.

அளவு

நாம் வார்க்கப்போவது 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அங்குலத் தடிமன் உள்ள ஒரு மேடை. அதில் ஒற்றைக் கிண்ண எவர்சில்வர் சிங்க். வெளி அளவு 24க்கு 18 அங்குலம், உள்வாய் 22க்கு 16. உங்கள் சிங்க் வேறு அளவாக இருக்கலாம். அதனால் முதலில் சிங்க்கை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பலகையை அறுங்கள். அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்த அளவை நம்பி அறுத்துவிட்டு, சிங்க் வந்தபின் அரை அங்குலத்துக்கு அழுதவர்கள் உண்டு.

24 அங்குல அகலத்தில் 16 துவாரத்துக்குப் போனால் மிச்சம் 8. இதைச் சரிபாதியாகப் பிரிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். முன்பட்டைக்கு மூன்றரை, பின்னால் நாலரை. குழாய் மேடையில் நிற்பதாக இருந்தால் பின்னால் அந்த இடம் தேவைப்படும். முன்னால் மூன்றரைக்குக் கீழே போகாதீர்கள். வீட்டில் யாராவது சிங்குக்கு முன்னால் கையை ஊன்றி எக்கி, பரணிலிருந்து அண்டாவை எடுப்பார்கள். குழந்தை ஏறி உட்காரும். 70 கிலோ ஆள் நடுவில் முழு எடையையும் போட்டாலும் 2 அங்குலத் தடிமனில் மூன்றரை அங்குலப் பட்டை விரிசல் விடாமல் தாங்கிவிடும். அதே தடிமனில் பட்டை 2 அங்குலமாக இருந்தால் விரிசல் விடும் அளவை இழுவிசை தாண்டிவிடும். என் முதல் மேடையின் கதை அதுதான்.

எடையையும் இப்போதே பார்த்துவிடுங்கள். துவாரத்தைக் கழித்தால் கான்கிரீட் சுமார் 45 லிட்டர் வரும். கன மீட்டருக்கு 2,400 கிலோ என்பது கான்கிரீட்டின் வழக்கமான எடை. ஆக, கம்பியோடு சேர்த்து 110 கிலோவை ஒட்டி நிற்கும். நாலு பேர் தூக்கலாம். ஐந்தாவது ஆள் கதவைப் பிடிக்க.

தாங்குவதற்கு நாலரை அங்குலச் செங்கல் சுவர் மூன்று போதும்: இரண்டு முனைகளிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. ஒரு முனைச் சுவரும் நடுச்சுவரும் சிங்க்கின் இருபுறமும் வரும்படி, அவற்றின் இடைவெளியை 26 அங்குலமாக வையுங்கள். சிங்க்கின் வெளி அளவுக்கு இருபுறமும் ஒவ்வொரு அங்குலம் மிச்சம். மறுபக்கம் சிலிண்டருக்கோ மாவு டின்னுக்கோ தாராளமாக இடம் கிடைக்கும். மேடையின் உயரத்தைப் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இந்தப் புத்தகத்தையும் சேர்த்துத்தான். அங்கே தினமும் நிற்கப்போகிறவரை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு 4 அங்குலம் கீழே கோடு போடுங்கள். கட்டுகிறவர் ஆண், சமைக்கிறவர் பெண் என்றிருக்கும் வீடுகளில் மேடை ஏன் எப்போதும் 2 அங்குலம் உயரமாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

தலைகீழ்ப் பெட்டி

இந்த மேடையைத் தலைகீழாக வார்க்கிறோம். பெட்டியின் அடிப்பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும் முகம்தான் நாளைக்கு நீங்கள் காய் நறுக்கும் முகம். பலகை எவ்வளவு வழவழப்போ மேடையும் அவ்வளவு வழவழப்பு. பலகையில் ஒரு கீறல் இருந்தால் அது மேடையில் மேடாக எழும்பும். எனவே சென்ட்ரிங் கடையில் வாடகைக்குக் கிடைக்கும் பழைய பிளைவுட் இதற்கு ஆகாது. மைக்கா ஒட்டிய முக்கால் அங்குலப் பலகையை அடியாக வைத்து, அதே பலகையிலிருந்து 2 அங்குல உயரத்தில் பக்கச் சட்டங்களை அறுத்து, வெளியிலிருந்து ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள். ஆணி அடித்தால் கழற்றும்போது தட்ட வேண்டியிருக்கும்; அந்தத் தட்டு இளம் கான்கிரீட்டின் விளிம்பைப் பெயர்த்துவிடும்.

தலைகீழ் என்றதும் இன்னொரு சிக்கலும் கூடவே வரும். இடமும் வலமும் மாறிவிடும். மேடையில் சிங்க் இடப்பக்கம் வேண்டுமென்றால் பெட்டியில் அது வலப்பக்கம் இருக்க வேண்டும். படித்தால் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கொல்லையில் குனிந்து நிற்கும்போது மூளை ஏமாறும். தெரிந்த ஒருவர் அருமையாக ஒரு மேடை வார்த்தார். புரட்டிப் போட்டபோது சிங்க் கழிவுநீர்க் குழாய்க்கு நேர் எதிர்மூலையில் இருந்தது. அது இப்போது அவர் வீட்டு மாடியில் துணி மடிக்கும் மேசையாக இருக்கிறது. செய்தித்தாளில் முழு அளவில் மேடையை வரைந்து, 'மேல்' என்று எழுதி, அந்தத் தாளைக் கவிழ்த்துப் பெட்டிக்குள் விரித்துப் பாருங்கள். எழுத்து தெரியாத பக்கம் உங்களைப் பார்த்தால் சரி.

உள் மூலைகள் அத்தனையிலும் சிலிக்கானை மெல்லிய கோடாக விட்டு, விரலால் ஒரே இழுப்பாக இழுங்கள். சிமெண்ட் பால் கசியாது. அதோடு, அந்தச் சிலிக்கானின் குழிவுதான் மேடையின் விளிம்பில் உருண்டையாகத் திரும்பி வரும். ஒரு நாள் காயவிட்டு, மைக்கா மேல் மெழுகு பாலிஷை லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். சைட்டில் சென்ட்ரிங் பலகைக்குப் பூசும் கழிவு ஆயிலைக் கொண்டுவந்துவிடாதீர்கள். அது முகத்தில் கறையாக ஏறினால் எந்தப் பாலிஷுக்கும் போகாது.

சிங்க் துவாரத்துக்கு

துவாரம் வர வேண்டிய இடத்தில் ஒரு கட்டையை வைக்க வேண்டும். மரக்கட்டை வைத்தால் பிறகு வராது. கான்கிரீட் இறுகும்போது சுருங்கி அதைக் கவ்விக்கொள்ளும். கெட்டியான தெர்மோகோல்தான் சரி. சுருக்கத்துக்கு விட்டுக்கொடுக்கும், கடைசியில் கத்தியால் கிழித்து எடுத்துவிடலாம். 2 அங்குலக் கனத்தில் 22க்கு 16 வெட்டி, நாலு மூலைகளையும் சிங்க் கிண்ணத்தின் வளைவுக்கு ஏற்பச் சீவி உருட்டுங்கள். கூர்மையான உள்மூலை விட்டால் விரிசலுக்கு வெற்றிலைபாக்கு வைத்து அழைத்ததுபோல. ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஓடும் விரிசலைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை இங்கேயும் நடக்கும்.

தெர்மோகோலின் பக்கவாட்டைப் பேக்கிங் டேப்பால் சுருக்கமில்லாமல் சுற்றுங்கள். சிங்க் மேடைக்கு அடியில் ஒட்டப்படும் வகையாக இருந்தால் துவாரத்தின் அந்த உள்முகம் கண்ணுக்குத் தெரியும். டேப்பில் மடிப்பு இருந்தால் அதுவும் தெரியும். பிறகு சிலிக்கானால் அடியில் ஒட்டி, மேலே குறுக்காக ஒரு சட்டம் போட்டுப் பக்கங்களில் ஸ்க்ரூ செய்துவிடுங்கள். தெர்மோகோல் மிதக்கும். ஒட்டு விட்டு அடியில் கலவை புகுந்தால் பாதி வேலையில் துவாரம் எழும்பி நகர்ந்துவரும். அப்போது அதை அமுக்கக் கை போதாது.

சிங்க் மேலே உட்காரும் வகையா, அடியில் ஒட்டும் வகையா? முதல்முறை செய்பவருக்கு மேலே உட்காருவது சுலபம். துவாரத்தின் விளிம்பு எப்படியிருந்தாலும் சிங்க்கின் உதடு மறைத்துவிடும். நான் அடியில் ஒட்டுவதைத்தான் சொல்வேன். மேடையில் சிந்தியதை ஒரே வழிப்பில் உள்ளே தள்ளலாம், உதட்டோரம் அழுக்குச் சேராது.

குழாயைப் பற்றி: சுவரில் பொருத்தும் குழாய் என்றால் மேடையில் துளையே வேண்டாம். நம் வீடுகளுக்கு அதுவே போதும். மேடையில் நிற்கும் குழாய்தான் வேண்டுமென்றால், அதன் மரை 2 அங்குலத் தடிமனைத் தாண்டி நட்டு பிடிக்கும் அளவுக்கு நீளமா என்று கடையிலேயே அளந்து பாருங்கள். பல குழாய்களின் மரை மெல்லிய கல்லுக்கென்று குட்டையாக இருக்கும்.

கம்பி

முன்பட்டையில் 8 எம்எம் முறுக்குக் கம்பி இரண்டு, பின்பட்டையில் இரண்டு. நாலும் மேடையின் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். துவாரத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் உள்ள இடத்தை 6 எம்எம் கம்பியால் 4 அங்குலக் கட்டமாக நிரப்புங்கள். பிறகு துவாரத்தின் நாலு மூலையிலும் ஓரடி நீளத் துண்டு ஒன்றைச் சாய்வாக, மூலைக்கு எதிரே குறுக்கிட்டு நிற்கும்படி கட்டுங்கள். விரிசல் மூலையிலிருந்து சாய்வாகத்தான் கிளம்பும்; அதன் வழியில் இந்தத் துண்டு நிற்கும்.

இந்தக் கூட்டைக் கவர் பிளாக் மேல் உட்காரவைப்பதுதான் சைட் வழக்கம். இங்கே அது கூடாது. கவர் பிளாக்கின் அடி மேடை முகத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். பக்கச் சட்டங்களின் மேல் வெளிப்பக்கமாக ஸ்க்ரூக்களைப் பாதி நிறுத்தி, அவற்றிலிருந்து கட்டுக்கம்பியால் கூட்டைத் தொங்கவிடுங்கள். தொட்டில் மாதிரி ஆடாமல், எல்லாப் பக்கமும் ஏறக்குறைய முக்கால் அங்குலம் இடம் விட்டு நிற்க வேண்டும். முகத்துக்கு நெருங்கினால் கம்பியின் நிழல் கோடாகத் தெரியும். நாளடைவில் துரு கக்கும். கலவை போட்டு மேல்மட்டம் தட்டியதும் கட்டுக்கம்பியை வெட்டிவிடலாம். கலவையே கூட்டைப் பிடித்துக்கொள்ளும்.

கலவை

இதற்கு முக்கால் ஜல்லி ஆகாது. ஒரு கான்கிரீட் உறுப்பின் மிகக் குறைந்த தடிமனில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஜல்லி இருக்கக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456. 2 அங்குலம் என்பது 50 எம்எம். நாலில் ஒரு பங்கு பன்னிரண்டரை. ஆகவே 10 எம்எம் சிப்ஸ். மணலுக்கு எம் சாண்ட் போதும், ஆனால் தூசு அதிகமில்லாததாக. ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைத்தால், மணலின் மேல் படியும் மாவின் கனம் சொல்லிவிடும்.

அரை மூட்டை சிமெண்ட், அதாவது 25 கிலோ. கன அளவில் அது பதினேழரை லிட்டர். அதற்கு ஒன்றரைப் பங்கு மணல், இரண்டு பங்கு சிப்ஸ். ஒரே வாளியால் அளந்தால் கணக்கு தவறாது. இந்த அரை மூட்டையில் சுமார் 50 லிட்டர் கான்கிரீட் கிடைக்கும். நமக்கு 45 வேண்டும், சிந்துவதற்குக் கொஞ்சம் மிஞ்சும். மூட்டையில் அச்சடித்திருக்கும் வாரமும் வருஷமும் பாருங்கள்; மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமெண்டை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். நிறம் வேண்டுமென்றால் பழைய வீட்டுச் சிவப்புத் தரைக்குப் போட்ட அதே ரெட் ஆக்சைடு. சிமெண்ட் எடையில் நூற்றுக்கு 5 பங்கு, அதாவது ஒன்றேகால் கிலோ போதும். உலர்ந்த சிமெண்டோடு முதலிலேயே கலந்துவிட வேண்டும். பிறகு தூவினால் திட்டுத்திட்டாக வரும்.

தண்ணீரில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறோம். சாதாரண எம்20 கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டர் வரை அதே விதிநூல் அனுமதிக்கிறது. அரை மூட்டைக்கு 15 ஆகிறது. நம் மேடைக்கு 10 லிட்டர்தான். மணல் நனைந்திருந்தால் அதிலும் குறைய வேண்டும். கலக்கும்போது காய்ந்துபோன புட்டு மாவு மாதிரி இருக்கும்; கை தானாக மக்கைத் தேடும். தேடட்டும், கொடுக்காதீர்கள். சிமெண்டுக்குத் தேவைப்படாத தண்ணீர் பிறகு ஆவியாகி வெளியேறும். அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாகும், சுருக்கம் கூடும், விரிசல் வரும். இளக்கம் வேண்டுமென்றால் பிளாஸ்டிசைசர் ஊற்றுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு மூடிகூட வேண்டாம். சில நிமிஷத்தில் புட்டு மாவு இட்லி மாவாகும்.

ஈரச் சிமெண்ட் கடுமையான காரம். வெறும் கையால் கலந்து, வேலை முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளும் பழக்கத்தைப் பார்த்து நீங்களும் இறங்க வேண்டாம். ரப்பர் கையுறை போடுங்கள். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

வார்க்கும் காலை

சித்திரை வைகாசியில் இதைச் செய்யாதீர்கள். செய்தே ஆகவேண்டுமென்றால் பொழுது விடியும்போது கலவை பெட்டிக்குள் இருக்க வேண்டும். பெட்டியை நிழலில், ஆடாத மேசை மேல், ரசமட்டம் வைத்து நிறுத்துங்கள். தண்ணீர் பட்டபின் அரை மணி நேரம் உறுதியாக உங்கள் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு சிமெண்டின் இஷ்டம். வெயில் அந்த இஷ்டத்தைத் துரிதப்படுத்தும்.

முதல் கை கலவையைக் கொட்டாதீர்கள். பிடி பிடியாக எடுத்து அடிப்பலகையில் அழுத்துங்கள், அடை தட்டுவதுபோல. மூலைகளிலும் தெர்மோகோல் ஓரத்திலும் விரலால் திணியுங்கள். நாளைக்குக் கண்ணில் படப்போவது இந்த அரை அங்குலம்தான். பிறகு கம்பிக் கூட்டுக்கு இடையே தள்ளித் தள்ளி நிரப்புங்கள். முன்பட்டையில் இரண்டு கம்பிக்கும் நடுவே ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமான சந்துதான் இருக்கும். அங்கே கலவை இறங்கியதா என்று மெல்லிய குச்சியால் குத்திப் பாருங்கள்.

அதிர்வு கொடுக்க வைப்ரேட்டர் வேண்டியதில்லை. மரம் தேய்க்கும் சாண்டரிலிருந்து தாளைக் கழற்றிவிட்டு, மேசையின் அடியிலும் சட்டங்களின் பக்கத்திலும் அழுத்திப் பிடித்தால் போதும். குமிழ்கள் கொப்பளித்து மேலே வரும். சாண்டர் இல்லையென்றால் ரப்பர் சுத்தியால் சுற்றிச்சுற்றித் தட்டுங்கள், கை ஓயும்வரை. குமிழ் வருவது நின்றதும் நீங்களும் நிறுத்துங்கள். அதற்கு மேல் அதிரவிட்டால் ஜல்லி அடியில் இறங்கும், தண்ணீர் மேலே நிற்கும். மட்டப்பலகையை அறுப்பதுபோல் இழுத்து மேல்மட்டம் தட்டிவிடுங்கள். இது மேடையின் அடிப்பக்கம். அழகு பார்க்க வேண்டாம். ஒன்று மட்டும்: முன்விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, நீளவாக்கில் ஒரு மெல்லிய கயிற்றை அழுத்திப் பள்ளம் விடுங்கள். சன்ஷேடின் அடியில் விடும் கோடு போலத்தான்; வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், அலமாரிக்குள் ஓடாது.

தொட்டுப் பார்த்தால் விரல் பதியாத நிலை வந்ததும் நனைத்த சாக்கு, அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட். கலவைக்குள் கொடுக்க மறுத்த தண்ணீரை இப்போது வாரி வழங்கலாம். சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், உலர்வெப்பம் என்றால் 10 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. என்றால் இன்னும் கூடுதல் என்பது விதி. நான் 14 நாள் பார்க்காமல் விடுவதில்லை. சாக்கு ஒரு மத்தியானம் காய்ந்தாலும் அந்த மத்தியானத்தின் நினைவு மேடையில் தங்கிவிடும்.

புரட்டுவது

மூன்றாம் நாள் பக்கச் சட்டங்களைக் கழற்றலாம். ஒரு வாரத்துக்கு முன் புரட்டாதீர்கள். புரட்டும் நாளில் முன்பட்டையின் மேல் நீளவாக்கில் ஒரு தடித்த மரச்சட்டத்தை வைத்து, இரு முனைகளிலும் சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். எலும்பு முறிந்தவருக்கு மூங்கில் பத்தை கட்டுவதுபோல. துவாரத்துக்குப் பின்னாலும் அப்படியே. பிறகு மேடையை நெட்டுக்குத்தாக, பின்விளிம்பின் மேல் நிறுத்துங்கள். கண்ணாடித் தகட்டைக் கடைக்காரர்கள் எப்படிக் கொண்டுபோகிறார்கள்? படுக்கவைத்து அல்ல. மேடையும் அப்படியே நின்ற நிலையில்தான் பயணம் செய்ய வேண்டும். படுக்கவைக்கும் இடத்தில் பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்று இருக்கட்டும்.

முகத்தை முதலில் பார்க்கும்போது மனம் சற்று வாடும். ஊசித் துளைகள் இருக்கும். அதே சிமெண்டைக் களிம்புபோல் குழைத்து ரப்பர் பட்டையால் வழித்து அடைத்து, இரண்டு நாள் ஈரத்தோடு விட்டு, 100, 200, 400 என்று டைமண்ட் பேடை மாற்றி மாற்றித் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். காய்ந்தபடி தேய்த்தால் எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு. மின்சாரமும் தண்ணீரும் சேரும் வேலை இது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பிலிருந்து மட்டும் கிரைண்டரை ஓட்டுங்கள். இல்லையென்றால் கையாலேயே தேயுங்கள். முகத்தில் ஜல்லி தெரியும்வரை போக வேண்டுமா என்பது ருசியைப் பொறுத்தது. எனக்குப் போகாமல் நிறுத்துவதுதான் பிடிக்கும்.

புளியும் மஞ்சளும்

வார்த்து 28 நாள் கழித்து, நன்றாக உலர்ந்தபின் சீலர். இரண்டு வகை உண்டு. உள்ளே ஊறி நிற்கும் வகை தண்ணீரையும் எண்ணெயையும் ஓரளவு தடுக்கும், மேடையின் தோற்றத்தை மாற்றாது. ஆனால் அமிலத்தை அது தடுக்காது. புளிக்கரைசலோ எலுமிச்சையோ ஒரு ராத்திரி கிடந்தால் சிமெண்டின் சுண்ணாம்பை அரித்து, வெளுத்த தழும்பை விட்டுவிடும். மேலே படலமாக நிற்கும் எபாக்ஸி, பாலியூரித்தேன் வகைகள் அமிலத்தைத் தடுக்கும். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை அதன் மேல் வைக்கக்கூடாது, கத்தியும் கீறும்.

நம் சமையலுக்கு என் தீர்ப்பு இது: சிங்க் இருக்கும் மேடைக்கு, உணவு படும் இடத்துக்கு ஏற்றதென்று டப்பாவில் எழுதியிருக்கும் பாலியூரித்தேன், இரண்டு கை. அடுப்பு இந்த மேடையிலேயே வேண்டாம். பக்கத்தில் கடப்பா கல்லில் இருக்கட்டும். மஞ்சள் பட்டால் உடனே துடையுங்கள். அப்படியும் தங்கிய லேசான கறையைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம், ஜன்னல் வெயில் விழும் இடமாக இருந்தால் வெளிறிப்போகும். வருஷத்துக்கு ஒருமுறை மேடையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நிற்காமல் கறுத்து உள்ளே இறங்கினால் மறுபடி சீலர் பூசும் நேரம்.

சிங்க்கை உட்காரவைப்பது

சிலிக்கானின் பிடியை மட்டும் நம்பி சிங்க்கைத் தொங்கவிடாதீர்கள். 8 அங்குல ஆழமுள்ள கிண்ணம் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 40 கிலோவைத் தாண்டும். அதில் இட்லிக் குண்டானும் குக்கரும் ஊறும். இரு செங்கல் சுவர்களிலும் சின்னப் பள்ளம் கொத்தி, சிங்க்கின் உதட்டுக்கு அடியில் முன்னொன்றும் பின்னொன்றுமாக 25 எம்எம் இரும்பு ஆங்கிளைக் குறுக்கே போடுங்கள். சிங்க் அதன் மேல் உட்கார வேண்டும். மேடையை இறக்குவதற்கு முன்பே சிங்க்கை வைத்து, உதட்டின் மேல் சிலிக்கானைத் தடையின்றிச் சுற்றிவர விட்டு, சுவர்களின் தலையில் மெல்லிய சிமெண்ட் கலவை பரப்பி, நின்ற நிலையில் கொண்டுவந்த மேடையைப் பின்விளிம்பிலிருந்து மெதுவாகச் சாயுங்கள். ரசமட்டம் பாருங்கள். கொஞ்சம் வாட்டம் இருந்தால் சிங்க்கை நோக்கி இருக்கட்டும். உங்கள் வயிற்றை நோக்கி வேண்டாம். எல்லாம் உட்கார்ந்தபின் கிளாம்ப்பைக் கழற்றுங்கள்.

மறுநாள் சிங்க்கை அடைத்து விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, கீழே பழைய செய்தித்தாளை விரித்து ஒரு மணி நேரம் விடுங்கள். தாள் நனைந்தால் முதலில் வேஸ்ட் கப்ளிங்கின் வாஷரைப் பாருங்கள், பிறகு சிலிக்கானை.

கடைசியாக ஒன்று, வீட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவையுங்கள்: இந்த மேடையின் முன்விளிம்பில் தேங்காய் உடைக்கக்கூடாது. அதற்குக் கொல்லையில் துவைக்கிற கல் இருக்கிறது.